அது உங்களுக்கே தெரியும்

அவரிடம் எதைச் சொன்னாலும் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். சொல்கிற வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

பால் போடுகிறவர் மாடிப்படியில் நின்று, “நாளைக்கு வர லேட்டாவும் சார்” என்பார். “நாளைக்கு வர லேட்டாகும்” என்பார் இவர். அதற்குள் அந்த ஆள் பாதிப் படி இறங்கியிருப்பார். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் கீழேயிருந்து “சரி சார், சரி!” என்று ஒரு கத்தல் வந்த பிறகுதான் கதவைச் சாத்துவார். லஸ் முனையில் ஆட்டோ ஏறினாலும் இதே கதைதான். வண்டி கிளம்பின பிறகு ஓட்டுநரின் தோளைத் தட்டி, “ராஜா அண்ணாமலைபுரம் போறோம்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். “ஏறிக் குந்திக்கினு இன்னா நைனா இன்னொரு தபா?” என்று ஒருவர் சிடுசிடுத்ததை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அடுத்த சிக்னலில் அவரும் ‘சரி’ சொன்னார்.

நான் மந்தைவெளியில் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர், வீட்டுக்கும் ஆபீசுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது. பட்டினப்பாக்கத்துக் கடலோரம் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, இப்போது பெரும்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் குட்டை. அதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறக்கிறவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். “டெக்னீஷியன் வரலியாம்மா?” அதற்கென்றே நாலைந்து பதில்கள் வைத்திருப்பேன். ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்து வீசுவேன்.

இவர் வீட்டுக் கதவு திறந்தபோதும் ஒன்றை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. என் தோளுக்குப் பின்னால் அவர் பார்க்கவில்லை.

“நீங்க?”

“டெக்னீஷியன்.”

“நீங்க டெக்னீஷியன்” என்றார். அப்படியே நின்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று பதிலை வீசப் போனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “சரின்னு சொல்லிடும்மா. இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.”

“சரி சார்” என்றேன். “வாங்கோ” என்று வழிவிட்டார். உள்ளே குரல் கொடுத்தது அவர் மனைவி. நான் மாமி என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசி வரை மாமிதான்.

அந்த வீட்டில் ஒரு படுக்கையறையில் படுக்கை கிடையாது. நடுவில் புதுப்பேட்டையில் வாங்கின பழைய கார் சீட் ஒன்று பலகைமேல் முடுக்கியிருந்தது. அதற்கு எதிரே பெரிய திரை, இடப்பக்கம் ஒரு திரை, வலப்பக்கம் ஒரு திரை. பெரிய திரைக்குக் கீழே இன்னொரு திரையில் கடிகாரம் மாதிரி வட்ட வட்டமாக முள்ளுகள். ஓரத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் வரைபடம். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர்.

“இன்னா சார் இது, இத்தினி கீது?” என்று என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

“ஆத்துல ஏரோப்ளேன் ஓட்டறார்” என்றாள் மாமி. “பக்கத்தாத்துக்காரா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போறா. நாங்க அதுக்கும் மேல போயிண்டிருக்கோம்.”

விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர் அது. ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டலாம். ஆனால் நிஜ விமானத்தில் உட்கார்ந்தால் முன்னால் மட்டுமா தெரியும்? பக்கத்து ஜன்னல்களும் வேண்டும் என்றார். அதனால் நடுவில் இருப்பதுதான் விமானம். மற்ற நாலும் நொடிக்கு நொடி அதைப் பார்த்து, இப்போது எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தங்கள் ஜன்னலை வரைய வேண்டும். ஒரு கேபிள் சொதப்பினால் போச்சு. முன்னால் கடல் வந்திருக்கும், இடது ஜன்னலில் இன்னும் அடையாறு முகத்துவாரமே நிற்கும். “பாதி ஏரோப்ளேன் ஊர்லயே நின்னுடுத்து” என்பாள் மாமி.

ஐந்துக்கும் நெட்வொர்க்கில் ஒரு நிலையான எண் கொடுத்து, எல்லாக் கேபிளும் வந்து சேர நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அன்று மாலைக்குள் ஐந்து திரையும் ஒன்றாக நகர்கிற மாதிரி செய்துவிட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவர் திருப்பிச் சொன்னார். நூற்றுக்கணக்கான ‘சரி’ சொல்லி என் வாய் உலர்ந்துவிட்டது. பொறுக்க முடியாமல், “ஏன் சார் எல்லாத்தையும் ரெண்டு தபா?” என்று கேட்டேன்.

“கன்ட்ரோல் டவர்லேர்ந்து ஒண்ணு சொல்லுவா. பைலட் அதைத் திருப்பிச் சொல்லணும். சரின்னு அவா சொன்னப்புறம்தான் கையை அசைக்கணும். சொல்றவா சரியாத்தான் சொல்லுவா. கேக்கறவன் காதுல என்ன விழுந்ததுன்னு சொன்னவாளுக்குத் தெரிய வேண்டாமா?”

“நீங்க பைலட்டா சார்?”

அதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்து வைத்தார்.

கேபிள் வேலையில்தான் அதன் காரணம் தெரிந்தது. நெட்வொர்க் கேபிளை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பி இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறம்: நாலு முழு நிறம், அதே நாலும் வெள்ளையோடு கலந்து இன்னொரு நாலு. வரிசை மாறாமல் அடுக்கி, கண்ணாடி மாதிரி இருக்கிற ப்ளக்கில் நுழைத்து, கொறடு மாதிரி ஒரு கருவியால் ஒரே அமுக்கு. பத்து நிமிஷ வேலை. நான் கருவியை எடுத்தபோது, “கேபிள் நாங்களே போட்டுடுவோம்” என்றார். அதென்ன ‘நாங்கள்’ என்று நான் சிரித்தேன். மாமி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவர் ஒரு கம்பியைத் தனியாகப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார்.

“வெள்ளை கனகாம்பரம்” என்றாள் மாமி.

“வெள்ளை கனகாம்பரம்.”

“சரி. கனகாம்பரம்.”

“கனகாம்பரம்.”

“சரி. வெள்ளை கிளிப்பச்சை.”

நாலாவது நீலம். அதை நீட்டாமல் அவரே வைத்தார். மாமி, “அது உங்களுக்கே தெரியும்” என்றாள். ஐந்தாவது வெள்ளை நீலம். அதற்கும் “அது உங்களுக்கே தெரியும்.” பிறகு கிளிப்பச்சை. வெள்ளை பாக்கு. பாக்கு. தொழிலில் ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று வறட்டுத்தனமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, தி.நகர்ப் புடவைக் கடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எட்டும் முடிந்து ப்ளக்கை அமுக்கி ஸ்விட்ச் பெட்டியில் செருகினார். விளக்கு எரிந்தது.

அவர் காய் வாங்கக் கீழே போன நேரத்தில் மாமி சொன்னாள். “காலேஜ் முடிச்சுட்டு பைலட் ஆகணும்னு எல்லாப் பரீட்சையும் தேறிட்டார். கடைசில கண்ணு டெஸ்ட். ஒரு புஸ்தகத்துல புள்ளி புள்ளியா இருக்குமாம். எல்லாரும் நம்பர் படிச்சுட்டுப் போயிண்டே இருக்கா. இவர் மட்டும் புள்ளியைப் பாத்துண்டு உக்காந்திருக்கார். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். பச்சை, ஆரஞ்சு, பாக்கு எல்லாம் ஒரே கொழம்பு. அப்புறம் என்ன, முப்பத்தஞ்சு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைல் ஓட்டினார். நான் ஓட்டாத ஏரோப்ளேன்ல ஏற மாட்டேன்னு இன்னிவரைக்கும் ஒரு ஏரோப்ளேன்ல ஏறலை. என்னையும் ஏத்தலை.”

பிறகு சிரித்தாள். “பொண்ணு பாக்க வந்தப்போ நான் கட்டிண்டிருந்தது கிளிப்பச்சைப் பட்டு. பாக்குக் கலர்னு இன்னிக்கும் சாதிக்கறார். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் சரி சொல்லவே மாட்டேன்.”

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு ஜன்னல் மக்கர் செய்து என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அந்தப் பக்கம் வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு நானே போவேன். மாமிக்கு இடது ஜன்னல் ஓரத்தில் ஸ்டூல். “ஜன்னலோர சீட்டு எனக்கு” என்று கல்யாணமான புதிதில் ரயிலில் பிடித்த பிடிவாதமாம். மேலே ஏறினதும் கீழே கபாலி கோயில் குளத்தைத் தேடுவாள். கம்ப்யூட்டர் வரைகிற மயிலாப்பூரில் குளமும் கிடையாது, கோபுரமும் கிடையாது. வெறும் தீப்பெட்டி வீடுகள். “கபாலியைக் காணோம், இது என்ன ஊர்? திருப்புங்கோ வண்டியை” என்பாள். அவர் சிரிக்காமல், “வண்டியைத் திருப்பணும்” என்பார். “சரி” என்பாள். உண்மையாகவே திருப்புவார். இரண்டு பேரும் குழந்தைகள் இல்லாத வீட்டில் குழந்தைகளாக இருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது, சொன்னால் என்ன குறைந்துவிடும்.

மாமிக்குக் காசிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ரயிலில் இரண்டு நாள் உட்கார இடுப்பு ஒத்துழைக்காது. விமானம்தான் இவர் ஓட்டாமல் ஏறக் கூடாதே. அதனால் கல்யாண நாளன்று சென்னையிலிருந்து காசிக்குச் சிமுலேட்டரில் போவது என்று முடிவாயிற்று. நடுவில் நிறுத்தாமல், நேரத்தைச் சுருக்காமல், இரண்டரை மணி நேரம். “காசிக்குப் போனா பிடிச்சது ஒண்ணை அங்கயே விட்டுட்டு வரணும். நான் பாகற்காயை விடறேன்” என்றாள் மாமி. “உனக்குப் பாகற்காய் பிடிக்காது” என்றார் அவர். “அதை ஏன் கங்கைக்குச் சொல்லணும்?” என்றாள்.

கல்யாண நாளுக்கு நாலு நாள் முன்னால் அவரிடமிருந்து போன். இடது ஜன்னல் கேபிளை எலி கடித்துவிட்டது. புதுசு போட்டோம். விளக்கு எரியவில்லை.

போய் டெஸ்டரை மாட்டினேன். கேபிளின் இரண்டு முனையிலும் எட்டு விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக ஓட வேண்டும். ஒரு முனையில் ஓடின. அடுத்த முனையில் ஒன்று, இரண்டு, ஏழு, நாலு, ஐந்து, எட்டு, மூன்று, ஆறு என்று தாவின. ப்ளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கிளிப்பச்சை இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் பாக்கு. பாக்கு இடத்தில் கிளிப்பச்சை.

தலையைத் தூக்கினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கதவோரம் நின்று, சொல்லாதே என்று எனக்குத் தலையை ஆட்டினாள்.

காபி குடிக்கச் சொல்லி சமையலறைக்குக் கூட்டிப்போனாள். டம்ளரில் ஊற்றினது பாதி மேடையில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எத்தினி நாளா மாமி?”

“இடது கண்ணு ஒரு வருஷமாவே மங்கல். சக்கரைதான். இப்போ வலதும் கொஞ்சம் இழுக்கறது.”

“சார் கிட்ட சொல்லல?”

“சொன்னா அத்தனை கம்பியையும் பிடுங்கிப் போட்டுடுவார். என் கண்ணைக் கெடுத்தது இந்தத் திரைதான்னு நெனச்சுப்பார். அவருக்குக் கண்ணு இல்லேன்னு ஒருதடவை துரத்திட்டா. நாப்பது வருஷமா என் கண்ணை வச்சுண்டு ஒப்பேத்திண்டிருக்கார். அதுவும் போயிடுத்துன்னு நான் எப்படிச் சொல்றது? காசிக்குப் போயிட்டு வந்து டாக்டர்கிட்ட போறேன். சத்தியம். நீயே கூட வா.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். அறைக்குப் போய் அந்த ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வேறு ஒன்றைச் சரியான வரிசையில் போட்டேன். வெட்டின துண்டைக் குப்பையில் போடப் போனேன். மாமி கையைப் பிடித்தாள். “அவர் திருகாணி தேடிண்டு குப்பையைக் கிளறுவார்” என்று காதில் சொல்லி, துண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விளக்கு எரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“கலர் வரிசை தப்பாப் போட்டுட்டோமா?”

“இல்ல சார். வரிசை கரெக்டுதான். பின்னு சரியா கடிக்கல.”

“வரிசை கரெக்ட். பின்னு கடிக்கலை” என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி சார்” என்றேன். அந்த வீட்டில் அத்தனை நாள் சொன்ன ஆயிரம் ‘சரி’யில் பொய்யானது அது ஒன்றுதான்.

கல்யாண நாளன்று காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். நானும் பயணி. மாமி கனகாம்பரக் கலர் புடவை கட்டி, தூக்கில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கார் சீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி. அவர் தன் குரலையே மாற்றிக்கொண்டு வரவேற்பு சொன்னார். நாக்பூர் பக்கம் போகும்போது புளியோதரை சாப்பிட்டோம். எழுந்து கை கழுவப் போனபோது, “ஓடற வண்டியிலேர்ந்து எங்கடி இறங்கறே?” என்று மாமி அதட்டினாள்.

காசி நெருங்கியதும் விமானத்தைச் சாய்த்து வளைத்து இறக்க ஆரம்பித்தார். இரண்டு கையும் பிடியில், கண் முள்ளுகளில். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்ப முடியாத நேரம்.

“இடப்பக்கம் கங்கை வரணும். தெரியறதா?” என்று கேட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். இடது கம்ப்யூட்டர் எப்போதோ உறைந்து போயிருந்தது. அரை மணிக்கு முன்னால் கடந்த மேகமே அதில் அசையாமல் நின்றது. கங்கையும் இல்லை, ஒன்றும் இல்லை.

மாமி அந்த மேகத்துக்கு நேராகக் குனிந்தாள். “தெரியறது” என்றாள்.

“கங்கை தெரியறது.”

“சரி. படித்துறை எல்லாம் தெரியறது. ஓடம் போறது. எத்தனை ஜனம்!”

“படித்துறை தெரியறது. ஓடம் போறது.”

“சரி” என்றாள். கையைக் கூப்பிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரம் தரையைத் தொட்டது. அவர் பெரிய மூச்சு விட்டுத் திரும்பினபோது நான் எழுந்து அந்தத் திரைக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். விமானத்தை அங்கேயே நிறுத்திவைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமி கடைக்கு போன் செய்தாள். “நாளைக்குக் கண் டாக்டரைப் பாக்கணும்டி. சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன். கூட வரியா?” மறுநாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆபீசில் கேபிள் இழுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். “வியாழக்கிழமை போலாம் மாமி” என்றேன். “வியாழக்கிழமை. நான் அவரை மாதிரி திருப்பிச் சொல்ல மாட்டேன் போ” என்று சிரித்து வைத்துவிட்டாள்.

அன்றைக்கே பதினோரு மணிக்கு அவள் எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. பேசியது யாரோ பூக்காரம்மா. தெற்கு மாட வீதியைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த பைக். ஓட்டினவன் ஹாரன் அடித்திருக்கிறான். எந்தப் பக்கம் என்று மாமிக்குத் தெரியவில்லை. போனில் கடைசியாகப் பேசின எண் என்னுடையதாக இருந்ததால் எனக்கு அடித்திருக்கிறார்கள்.

அவருக்கு நான்தான் சொன்னேன். “சார், மாமிக்கு பைக் இடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“மாமிக்கு பைக் இடிச்சிடுத்து. ஆஸ்பத்திரிக்கு வரணும்” என்றார். போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை இரைச்சலில், நான் ‘சரி’ சொன்னேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். “கொண்டுவரும்போதே உயிர் இல்ல சார்” என்று மெதுவாகத்தான் சொன்னார்.

“கொண்டுவரும்போதே உயிர் இல்லை” என்றார் இவர்.

டாக்டர் கொஞ்சம் நின்றார். தோளைத் தொட்டார். போய்விட்டார். இவர் நகரவில்லை. நர்ஸ் வந்து உட்காரச் சொன்னாள். வார்டு பாய் ஸ்ட்ரெச்சருக்கு வழி கேட்டான். இவர் டாக்டர் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. “சரி சார்” என்றேன். அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தால்கூட வேறு ஆளை அனுப்பினேன். நாற்பது நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “ஒரு கேபிள் வேலை இருக்கு. மூணு மணிக்கு வாங்கோ.”

மூன்று மணிக்குப் போனேன். கார் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஐந்து திரையும் எரிந்தன. முன் ஜன்னலிலும், மறுபடி போட்ட இடது ஜன்னலிலும் காசி விமான நிலையம் வெயிலில் கிடந்தது. விமானம் அன்று நிறுத்தின இடத்திலேயே நின்றது. மாமியின் ஸ்டூலும் அதே இடத்தில்.

உள்ளங்கையை விரித்தார். ஒரு அங்குலக் கேபிளோடு வெட்டின ப்ளக்.

“அவ ஊக்கு போட்டு வைக்கற டப்பால இருந்தது. நீலம் ரெண்டும் எனக்கே தெரியறது. மிச்சத்தைப் படிங்கோ.”

நான் அதைக் கையில் வாங்கினேன். நீலம் இரண்டும் சரியான இடத்தில்தான் இருந்தன. மிச்சத்தைச் சரியான வரிசையில் ஒப்பித்துவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. ஏதோ பழைய துண்டு என்று போட்டுவிடுவார். மாமி சொல்லாதே என்று தலையாட்டினது கண்முன் நின்றது. சொல்ல வாயும் எடுத்துவிட்டேன். அவர் வேறெங்கும் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு இன்னொரு பொய் ‘சரி’ சொல்ல என்னால் முடியவில்லை.

“வெள்ளை கனகாம்பரம்.”

“வெள்ளை கனகாம்பரம்.”

“சரி. கனகாம்பரம்.”

“கனகாம்பரம்.”

“சரி. வெள்ளை…” ப்ளக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். “வெள்ளை பாக்கு.”

வரிசை அவருக்கு மனப்பாடம். உடனே திருப்பிச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “வெள்ளை பாக்கு” என்றார்.

“சரி.”

“அடுத்த ரெண்டும் எனக்கே தெரியும்” என்றார்.

“பாக்கு. அப்புறம் வெள்ளை கிளிப்பச்சை. கிளிப்பச்சை.”

மூன்றையும் திருப்பிச் சொன்னார். ப்ளக்கை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்.

“கிளிப்பச்சையைப் பாக்குன்னு சொல்லியிருக்கா. கடைசில அவளும் என்னை மாதிரியே பாத்திருக்கா” என்றார். பிறகு, “அவளுக்குக் கண்ணு தெரியலை.”

“சரி சார்.”

“அது உங்களுக்குத் தெரியும்.”

“சரி சார்” என்றேன். அழுதுகொண்டே சொன்னேன்.

“எனக்குத்தான் தெரியலை” என்றார். இதற்கு அவர் காத்திருக்கவில்லை. நல்ல வேளை. காத்திருந்தால் நான் அந்த வீட்டு மாடியிலிருந்து குதித்திருப்பேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தது. அவர் கருவிப் பையைத் திறந்து கொறட்டையும் ஒரு புது ப்ளக்கையும் எடுத்து என்னிடம் நீட்டினார். “இடது ஜன்னல் கேபிள்ல நீங்க போட்ட முனையை வெட்டிட்டு, இந்த வரிசையில போடுங்கோ.”

“சார், இப்படிப் போட்டா வேலை செய்யாது.”

“வேலை செய்யாது” என்றார். “அவ சொன்னது இந்த வரிசை. நான் போட்டதும் இந்த வரிசை. நீங்கதான் மாத்தினேள். காசியிலேர்ந்து திரும்பணும். ஜன்னலோர சீட்டு அவளோடது. எனக்கு அந்த ஜன்னல் வேண்டாம்.”

மாமியின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் தெரிந்தே தப்பாக ஒரு கேபிள் போட்டது அன்று ஒன்றுதான். ஒவ்வொரு நிறமாகச் சொல்லிச் சொல்லி அடுக்கினேன், அவர் திருப்பிச் சொன்னார். கொறட்டால் அமுக்கி ஸ்விட்ச் பெட்டியில் செருகினேன். இனி எங்கே பறந்தாலும் இடது ஜன்னலில் காசியே நிற்கும்.

“விளக்கு எரியல சார்” என்றேன்.

“விளக்கு எரியலை” என்றார். பிடியில் இரண்டு கையையும் வைத்து, நேரே ஓடுபாதையைப் பார்த்தார்.

அதற்குச் ‘சரி’ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் திரும்பவில்லை. பிறகு அவராகவே, தனக்குத்தானே, “சரி” என்று சொல்லிவிட்டு விமானத்தை நகர்த்தினார்.